ஒருவர் தீவிரவாதியாவது எப்படி? பழைய செய்தித்தாள்களிலும் நீதிமன்றக் கட்டுகளிலும் ஒரு தேடல்

தனிமனிதர் ஒருவர் மெல்ல மெல்லத் தீவிரக் கொள்கை ஒன்றுக்குள் இழுபட்டு, ஒரு கட்டத்தில் அதற்காக ஆயுதம் ஏந்தவும் துணிகிற போக்கை ஆய்வாளர்கள் 'தீவிரமயமாதல்' என்கிறார்கள். அதை ஆராயப் புகுகிறவர்களுக்கு முதல் அடியிலேயே ஒரு முட்டுக்கட்டை. ஆராயப்பட வேண்டியவர்களில் பலர் செத்துப்போயிருப்பார்கள். மிச்சமிருப்பவர்கள் சிறையிலோ தலைமறைவாகவோ இருப்பார்கள். சிறைக்குள் போய்ப் பேச அனுமதி கிடைத்தாலும், மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்வரை வாயைத் திறக்க வேண்டாம் என்று வழக்கறிஞர் தடுத்துவிடுவார். உளவுத்துறையின் கோப்புகளோ வெளியாருக்குக் கிடைப்பதே இல்லை.

ஆகவே, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கக்கூடிய இடங்களில் ஏற்கெனவே கிடக்கும் தகவல்களைப் பொறுக்கிச் சேர்க்கும் முறை ஒன்று வளர்ந்தது. குற்றப்பத்திரிகை, தீர்ப்பு, சாட்சியம், விசாரணை ஆணையத்தின் அறிக்கை, உள்ளூர்ப் பத்திரிகைச் செய்தி, இரங்கல் குறிப்பு, சம்பந்தப்பட்டவரே எழுதிப்போட்ட சமூக ஊடகப் பதிவு எல்லாம் இதில் அடங்கும். இவற்றுக்குப் 'பொதுவெளித் தகவல்' என்று பெயர். எவரையும் ஒட்டுக்கேட்காமல், எவர் வீட்டுக் கதவையும் உடைக்காமல் செய்யக்கூடிய ஆய்வு இது. எடுத்த ஆதாரத்தை அப்படியே இன்னொருவர் கையில் கொடுத்து 'சரிபார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லவும் முடியும். உளவுக் கோப்பை வைத்து எழுதப்படும் எந்த அறிக்கைக்கும் இந்த வசதி கிடையாது.

இந்த வேலை அட்டைகளில் தொடங்கியது. அமெரிக்காவின் பிங்கர்ட்டன் என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனம், தன் வாடிக்கையாளர்களுக்கு எந்த நாட்டில் எவ்வளவு ஆபத்து என்று சொல்வதற்காக, 1970 முதல் உலகச் செய்திகளில் வந்த தாக்குதல்களை எல்லாம் சிறு சிறு அட்டைகளில் குறித்துவைத்தது. 1997 வரை சேர்ந்த அந்த அட்டைப்பெட்டிகளை மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் குற்றவியல் பேராசிரியர் கேரி லஃப்ரீ 2001இல் பெற்றுக்கொண்டார். மாணவர்கள் உட்கார்ந்து ஒவ்வோர் அட்டையையும் கணினியில் ஏற்றினார்கள். ஏறக்குறைய 67,000 சம்பவங்கள். 1993ஆம் ஆண்டின் பெட்டி மட்டும் முன்பே ஏதோ ஒரு அலுவலக மாற்றத்தில் தொலைந்திருந்தது. அப்படி உருவான தரவுத்தளத்தின் முதன்மைத் தொகுப்பில் அந்த ஓர் ஆண்டு இன்றும் வெற்றிடம்தான். பொதுவெளித் தகவல் என்பது யாரோ ஒருவர் கையால் எடுத்துவைத்த பொருள், அது தொலையவும் செய்யும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று இல்லை.

ஆனால் அந்த அட்டைகள் சம்பவங்களைப் பற்றியவை. எங்கே குண்டு வெடித்தது, எத்தனை பேர் இறந்தார்கள் என்பது தெரியும். வைத்தவர் யார், எப்படி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார் என்பது தெரியாது. சம்பவத்தை விட்டு ஆளைப் பார்க்கத் தொடங்கிய முன்னோடிகளில் ஒருவர் மார்க் சேஜ்மன். மனநல மருத்துவர், அதற்கு முன் சி.ஐ.ஏ.வில் இருந்தவர். நீதிமன்றச் சாட்சியங்களையும் பத்திரிகைகளையும் வைத்து, அல்கொய்தாவோடு தொடர்புடைய 172 பேரின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்து 2004இல் நூலாக வெளியிட்டார். மூளைச்சலவை செய்யும் குரு ஒருவர் வந்து அப்பாவி இளைஞனைப் பிடித்துச் செல்கிறார் என்ற பொதுவான நம்பிக்கைக்கு அந்தக் குறிப்புகளில் ஆதரவு கிடைக்கவில்லை. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு, இயக்கத்துக்குள் போவதற்கு முன்பே அங்கிருந்தவர்களோடு நட்பு இருந்தது. இன்னும் சிலர் உறவுக்காரர்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலின் மையத்தில் இருந்தவர்கள் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஒரே வீட்டில் ஒன்றாகக் குடியிருந்து, ஒன்றாகத் தொழுது, ஒன்றாகச் சாப்பிட்ட மாணவர்கள். கொள்கை அவர்களைச் சேர்த்துவைத்தது என்பதைவிட, சேர்ந்திருந்தவர்கள் கொள்கைக்குள் போனார்கள் என்பதே பொருத்தம்.

வறுமைதான் காரணம் என்ற இன்னொரு நம்பிக்கையையும் இதே முறை சோதித்துப் பார்த்தது. பொருளியலாளர் ஆலன் குரூகரும் ஜிட்கா மலெச்கோவாவும் லெபனானின் ஹிஸ்புல்லா இயக்கத்தில் இறந்த 129 போராளிகளின் வாழ்க்கைக் குறிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். இயக்கமே தன் 'தியாகிகள்' பற்றி வெளியிட்ட குறிப்புகள் அவை. அவர்களில் 28 விழுக்காட்டினர் ஏழைகள். நாட்டின் ஒத்த வயதினரில் 33 விழுக்காடு. உயர்நிலைப் பள்ளிக் கல்வியோ அதற்கு மேலோ பெற்றவர்கள் போராளிகளில் 47 விழுக்காடு, மற்றவர்களில் 38. பட்டினிதான் துப்பாக்கியைக் கையில் கொடுக்கிறது என்ற வாதத்தை இந்தக் கணக்கு தாங்கவில்லை.

ஒரு மனித வாழ்க்கை எப்படித் தரவாகிறது என்பதை ஒரே ஓர் ஆளை வைத்துப் பார்க்கலாம். 1992 பிப்ரவரியில், நியூயார்க் மாநிலத்தின் லாக்போர்ட் என்ற சிற்றூரின் பத்திரிகையில், ஆசிரியருக்குக் கடிதம் பகுதியில் ஓர் இளைஞரின் கடிதம் வந்தது. குற்றங்கள் பெருகிவிட்டன, வரி தாங்க முடியவில்லை, அரசியல்வாதிகள் யாருக்கும் பொறுப்பில்லை என்று புலம்பிவிட்டு, இந்த அமைப்பைத் திருத்த இரத்தம் சிந்தித்தான் ஆகவேண்டுமோ என்று அதில் கேட்டிருந்தார். எழுதியவர் வளைகுடாப் போரில் வெண்கல நட்சத்திரப் பதக்கம் வாங்கியவர். சிறப்புப் படையில் சேரப் போய், தேர்வு தொடங்கிய இரண்டாம் நாளே தாக்குப்பிடிக்க முடியாமல் விலகியவர். இராணுவத்தை விட்டு ஊர் திரும்பி, காவலாளி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டு டெக்சாஸின் வேகோ நகருக்கு அருகே ஒரு மதக்குழுவின் வளாகத்தை அரசுப் படைகள் 51 நாள் முற்றுகையிட்டிருந்தன. அங்கே வேடிக்கை பார்க்கத் திரண்டவர்களிடையே ஓர் இளைஞர், காரின் முன்மூடியில் துப்பாக்கி உரிமை வாசகங்கள் கொண்ட ஒட்டுத்தாள்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார். கல்லூரிப் பத்திரிகைக்காகச் செய்தி சேகரிக்க வந்த மாணவி ஒருவர் அவரோடு பேசி, படமும் எடுத்து, 1993 மார்ச்சில் வெளியிட்டார். லாக்போர்ட் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிய அதே இளைஞர்தான் அவர்: திமோத்தி மெக்வே. 1993 ஏப்ரல் 19 அன்று அந்த வளாகம் தீக்கிரையாகி எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 1995 ஏப்ரல் 19 அன்று, ஓக்லஹோமா நகரின் அரசுக் கட்டடத்தை மெக்வே குண்டுவைத்துத் தகர்த்தார். 168 பேர் இறந்தார்கள். அவர்களில் 19 பேர் குழந்தைகள்.

ஊர்ப் பத்திரிகை, கல்லூரிப் பத்திரிகை, இராணுவப் பணிக்குறிப்பு, நீதிமன்றச் சாட்சியம் ஆகிய நான்கையும் ஆய்வாளர் ஒருவர் மேசைமேல் பரப்பினால், மெக்வேயின் வாழ்க்கை ஒரு நீண்ட படிவமாக மாறத் தொடங்குகிறது. இராணுவ அனுபவம்: உண்டு. பெற்றோர் பிரிந்தவர்களா: ஆம். நிலையான வேலை: இல்லை. முன் குற்றப்பதிவு: இல்லை. தீவிரக் கருத்துடைய நண்பர்கள்: உண்டு, படையில் கிடைத்தவர்கள். திட்டத்தை முன்பே வேறு யாரிடமும் சொன்னாரா: ஆம். படைத்தோழர் ஒருவருக்கு அது தெரிந்திருந்தது. தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாத குற்றத்துக்காக அவர் சிறை சென்றார்.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் 'ஸ்டார்ட்' ஆய்வு மையம் உருவாக்கிய 'பைரஸ்' என்ற தரவுத்தளம் இப்படிப்பட்ட படிவங்களின் தொகுப்புதான். 1948 முதல் அமெரிக்க மண்ணில் தீவிரக் கொள்கைக்குள் போனவர்கள் இதில் இருக்கிறார்கள். வலதுசாரி வெள்ளை இனவெறியர், இடதுசாரித் தீவிரவாதிகள், இஸ்லாமிய ஜிகாதிகள், கருக்கலைப்பு எதிர்ப்பு போன்ற ஒற்றைப் பிரச்சினைக்காக இறங்கியவர்கள் என்று எல்லாத் தரப்பும் ஒரே சல்லடையில் சலிக்கப்பட்டிருக்கின்றன. ஒரே தரப்பை மட்டும் எடுத்து ஆராய்ந்தால், எல்லாத் தரப்புக்கும் பொதுவான ஒன்று அந்தத் தரப்பின் தனிக்குணம்போலத் தோன்றிவிடும். அந்தப் பிழை இங்கே தவிர்க்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் 147 கேள்விகள். வன்முறையில் இறங்கியவர்களும், கொள்கைக்காகச் சட்டத்தை மீறியும் யாரையும் தாக்காதவர்களும் இருவகையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். இந்த இரண்டாம் வகை இருப்பதால்தான் ஒப்பிட முடிகிறது.

படிவம் நிரப்புவதில் மிகக் கடினமான இடம், தகவல் இல்லாத கட்டம். ஒருவரின் குழந்தைப் பருவத்தில் வீட்டில் அடி உதை இருந்ததா என்று எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை என்றால், 'இல்லை' என்று போடுவதா, 'தெரியாது' என்று போடுவதா? அவசரக்காரர் 'இல்லை' என்று போட்டுவிடுவார். அப்படி ஆயிரம் கட்டங்களில் போட்டால், தீவிரவாதிகள் எல்லோரும் நிம்மதியான குழந்தைப் பருவம் கண்டவர்கள் என்று முடிவு வந்து நிற்கும். ஆகவே 'தெரியாது' என்பதற்குத் தனிக் குறியீடு வைத்து, அதை மனசாட்சியோடு பயன்படுத்துகிறார்கள். சில கேள்விகளுக்குப் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் இந்தக் குறியீடே நிற்கிறது. ஒரே ஆளை இருவர் தனித்தனியே படித்து நிரப்பி, விடைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்ப்பதும் உண்டு. நீதிமன்ற ஆவணம் ஒன்று சொல்ல, செய்தித்தாள் வேறு சொன்னால், சத்தியப் பிரமாணத்தின் பேரில் பதிவான நீதிமன்ற ஆவணத்துக்கு முதலிடம்.

லஃப்ரீயும் அவருடைய குழுவினரும் இத்தரவிலிருந்து 1,473 பேரை எடுத்து 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வன்முறையாளர்களையும் மற்றவர்களையும் பிரித்துக்காட்டியவை நான்கு: நிலையான வேலை இல்லாமை, தீவிரக் கருத்துடைய நண்பர்கள், மனநோய் வரலாறு, முன் குற்றப்பதிவு. சாதாரணக் குற்றங்களை ஆராயும் குற்றவியலாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவருபவையோடு இவை பெரிதும் ஒத்துப்போகின்றன. தீவிரவாதி வேற்றுக்கிரகத்து ஆள் அல்லர் என்பது இதனால் தெரிகிறது. மெக்வேக்குக் குற்றப்பதிவே கிடையாது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். கூட்டத்துக்குப் பொருந்தும் விதி ஒவ்வோர் ஆளுக்கும் பொருந்தாது.

அதே ஆண்டு, இதே மையத்தின் ஆய்வாளர்கள் 56 பேரின் வாழ்க்கையை மட்டும் எடுத்து ஆழமாகப் படித்தார்கள். பாதைகள் பலவாக இருந்தன. ஆனால் வன்முறையில் முடிந்த எல்லாப் பாதைகளிலும் இரண்டு இருந்தன. ஒன்று, 'என் மக்கள் வஞ்சிக்கப்படுகிறார்கள்' என்ற உணர்வு. இன்னொன்று, உலகத்தைப் பார்க்கும் கண்ணாடியே மாறிப்போகும் மனமாற்றம். தனக்கு நேர்ந்த தோல்வியும் தன் கூட்டத்துக்கு நேர்ந்ததாகத் தோன்றும் அநீதியும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் இடம் அது.

இத்துறையின் கண்டுபிடிப்புகளில் மனத்தை மிகவும் உறுத்துவது, பால் கில், ஜான் ஹோர்கன் முதலானோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு. பெரும்பாலும் தன்னந்தனியாகச் செயல்பட்ட 119 பேரை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பெயர்தான் 'தனி ஓநாய்'. அவர்களின் மனக்குறை 82 விழுக்காடு நேர்வுகளில் மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. தீவிரக் கொள்கையில் ஊறிப்போயிருக்கிறார் என்பது 79 விழுக்காட்டில் தெரிந்திருந்தது. ஏறக்குறைய 64 விழுக்காட்டில், இப்படியொரு காரியம் செய்யப்போகிறேன் என்று குடும்பத்தாரிடமோ நண்பர்களிடமோ வாய்விட்டே சொல்லியிருக்கிறார்கள். பிறகு வழக்கு விசாரணையில் வெளிவந்த இந்த விவரங்கள், முன்பே யாரோ ஓர் அம்மாவின் காதிலோ, ஒரு நண்பனின் கைப்பேசியிலோ கிடந்தவை. தெரிந்தவர்கள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பது எளிது. சொன்னால் பிள்ளைக்கு உதவி கிடைக்குமா, விலங்கு விழுமா என்று தெரியாத நிலையில் ஒரு தாய் என்ன செய்வார் என்பதையும் கேட்டாக வேண்டும்.

தமிழ் வாசகர்களுக்கு மிக அருகில் உள்ள நிகழ்வு 2019 ஏப்ரல் 21, இலங்கையின் ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய ஊர்களின் மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் மூன்று நட்சத்திர விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாஷிம் காத்தான்குடியைச் சேர்ந்தவர். அவருடைய பிரசங்கங்கள் தமிழில் இருந்தன. முகநூலிலும் யூடியூபிலும் எவரும் பார்க்கும்படி கிடந்தன. 2017 மார்ச்சில் காத்தான்குடியில் சூஃபி மரபைச் சேர்ந்த முஸ்லிம்களோடு அவருடைய ஆட்கள் மோதிய பிறகு அவர் தலைமறைவானார். அவரைப் பற்றி முதலில் குரல் எழுப்பியவர்களும் சொந்த ஊர் முஸ்லிம்களே. இந்திய உளவுத்துறையின் எச்சரிக்கையும் தாக்குதலுக்கு முன்பே இலங்கைக்குப் போய்ச்சேர்ந்திருந்தது. எச்சரிக்கைகள் மேசைகளில் எப்படித் தேங்கின என்பதை நாடாளுமன்றத் தெரிவுக்குழு 2019 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில் படிக்கலாம்.

குண்டுதாரிகளின் குடும்பப் பின்னணியும் மேலே சொன்ன ஹிஸ்புல்லா கணக்கை நினைவூட்டுகிறது. இருவர் கொழும்பின் பெரும் செல்வந்த வாசனைப்பொருள் வணிகரின் மகன்கள், உடன்பிறந்தவர்கள். இன்னொருவர் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் படித்தவர். இரத்த உறவும் நட்பும் வழிகாட்டின. வறுமை அவர்கள் வாசலில் இல்லை. அடுத்த மாதமே வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஒருசில தனிமனிதர்களின் பாதையைக் காட்டும் தகவலை ஒரு சமூகத்தின் முகவரியாகப் படித்தவர்கள் செய்த கொடுமை அது.

இப்படிப் படிக்கும் ஆபத்து தரவுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. பொதுவெளித் தகவலில் பெரும்பங்கு பத்திரிகையிலிருந்து வருகிறது. பத்திரிகைக்கு ஓரவஞ்சனை உண்டு. 2006 முதல் 2015 வரை அமெரிக்காவில் நடந்த தாக்குதல்களை ஆராய்ந்தவர்கள், தாக்கியவர் முஸ்லிமாக இருந்தால் செய்தி சராசரியாக 357 விழுக்காடு அதிகம் வந்ததைக் கண்டார்கள். செய்தி அதிகம் வந்தவரைப் பற்றிப் படிவத்தின் எல்லாக் கட்டங்களும் நிரம்பும். மற்றவர் படிவத்தில் 'தெரியாது' என்பதே நிற்கும். இதைக் கணக்கில் கொள்ளாமல் இரண்டையும் ஒப்பிட்டால், பத்திரிகையாளர்களின் ஆர்வத்தைத்தான் அளந்ததாக ஆகும்.

காலம் கடந்து நினைவுகூர்வதிலும் கோளாறு வரும். குண்டு வெடித்த மறுநாள் நிருபர் வந்து கேட்கும்போது, 'எப்பவுமே யாரோடும் சேர மாட்டான்' என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். அதே பையன் பொறியியல் பரிசு வாங்கியிருந்தால், அதே குணத்தைக் 'கருமமே கண்ணாயிருப்பான்' என்று சொல்லியிருப்பார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது எண்ணிக்கை. தீவிரக் கருத்து கொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒருநாளும் வன்முறையில் இறங்குவதில்லை. பத்து லட்சம் பேர் வாழும் நகரில் பத்துப் பேர் தாக்கத் தயாராகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை சரியாகச் சொல்லும் கருவி ஒன்று கையில் இருக்கிறது. அது அந்தப் பத்துப் பேரையும் பிடித்துவிடலாம். கூடவே ஏறக்குறைய 10,000 நிரபராதிகளையும் பிடிக்கும். அப்படிப்பட்ட துல்லியமான கருவியும் எங்கும் கிடையாது. வேலையில்லாதவர், மனநலச் சிகிச்சை பெறுபவர் என்ற பட்டியலைக் காவல் நிலையத்தில் ஒட்டிவைத்தால் என்ன ஆகும் என்பதை யாரும் ஊகித்துக்கொள்ளலாம். பிரிட்டனில் எவரும் தீவிரவாதத்துக்குள் இழுபடாமல் தடுப்பதில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் கவனம் செலுத்த வேண்டும் என்று 2015இல் சட்டம் வந்த பிறகு, லூட்டன் நகரில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று தன் அப்பா வெள்ளரிக்காய் நறுக்குவதைப் படம் வரைந்தது. வெள்ளரிக்காய்க்கான ஆங்கிலச் சொல்லைக் குழந்தை மழலையாகச் சொல்ல, பள்ளியில் இருந்தவர்களுக்கு அது 'குக்கர் குண்டு' என்று கேட்டிருக்கிறது. தீவிரவாதத் தடுப்புத் திட்டத்துக்குப் பிள்ளையை அனுப்புவது பற்றி அந்தத் தாயிடம் பேசியதாக 2016இல் செய்தி வந்தது.

சமூக ஊடகம் வந்தபின் தகவல் பெருகியிருக்கிறது. பைரஸ் தரவில் 2016ஆம் ஆண்டைச் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய 90 விழுக்காட்டினரின் மாற்றத்தில் சமூக ஊடகத்துக்குப் பங்கு இருந்தது. 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தவர்கள் தாங்களே படம் எடுத்துப் பதிவிட்டார்கள். அந்தப் படங்கள் குற்றப்பத்திரிகைகளில் ஏறின. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பேப் முதலில் கைதான 193 பேரின் ஆவணங்களைப் படித்தபோது, பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு எந்த ஆயுதக்குழுவோடும் தொடர்பில்லாதவர்கள் என்று தெரிந்தது. கடை முதலாளிகள், அலுவலக வேலைக்காரர்கள் பலர். வேலையற்றவர்கள் குறைவு. முந்தைய ஆய்வு சொன்ன காரணிகளில் வேலையின்மை இந்தக் கூட்டத்துக்குச் சரியாகப் பொருந்தவில்லை.

இந்தத் தகவலும் கையைவிட்டு நழுவக்கூடியது. 2017இல் யூடியூப் தீவிரவாதக் காட்சிகளை நீக்கக் கணினி முறையைக் கொண்டுவந்தபோது, சிரியாவின் போர்க்குற்றங்களுக்குச் சான்றாக மக்கள் ஏற்றிவைத்த ஆயிரக்கணக்கான காணொளிகளும் சேர்ந்து நீக்கப்பட்டன. 2025 ஜனவரியில் நாடாளுமன்றத் தாக்குதல் வழக்குகளில் ஏறக்குறைய 1,500 பேருக்கு அதிபர் டிரம்ப் பொதுமன்னிப்பு வழங்கினார். சில நாள்களில் அந்த வழக்குகளின் பட்டியல் நீதித்துறையின் இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்டது. முன்கூட்டியே படியெடுத்து வைத்திருந்தவர்களிடம் அதன் படிகள் உள்ளன.

இன்னும் ஒரு கூட்டம் இந்தத் தரவில் சரியாகப் பதிவாவதே இல்லை: பாதி வழியில் திரும்பியவர்கள். ஒருவர் தீவிரக் குழுவை விட்டு விலகி, கல்யாணம் செய்துகொண்டு, வேலைக்குப் போய், பழைய நண்பர்களின் அழைப்பை எடுக்காமல் விட்டால் அது எந்தப் பத்திரிகைக்கும் செய்தி ஆகாது. எந்த நீதிமன்றத்திலும் பதிவாகாது. விலகியவர்கள் எழுதிய தன்வரலாறுகள், பேட்டிகள், பரோல் விசாரணைக் குறிப்புகள் ஆகியவற்றிலிருந்து ஆய்வாளர்கள் கொஞ்சம் கொஞ்சமாக இவர்களைத் தேடிச் சேர்க்கிறார்கள். பெயர் வெளியே வராதவர்களைத் தேடிப்போவதிலும் தயக்கம் உண்டு. புதைத்துவிட்டு வந்த பழைய வாழ்க்கையைத் தோண்டினால், இப்போதைய வேலையும் குடும்பமும் குலைந்துபோகலாம். அதனால் இவர்களை நேரில் சந்திக்கும் ஆய்வாளர்கள், பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டுத்தான் படிவத்தை நிரப்புகிறார்கள்.